தைக்கக் கூடாத காயம்

1

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள் அபிராமி, விமலா மச்சாள். சுவரில் படமாக நேசன் அண்ணன். வேறு ஒருவரும் இல்லை. மகன் வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் வேலையிடத்து ஆட்களோடு பனிச்சறுக்கப் போய்விட்டான்.

இருந்தவர்களைச் சரியாகச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சுவிசில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன நகரத்தில் தமிழ்ச் சனம் குறைவு, கதை கூட. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசையில் நடந்ததை என்னிடமே இரண்டு பேர் வேறு மாதிரிச் சொல்லிவிட்டார்கள். அபிராமி தன் மாமியை அழவைத்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. மச்சாளுக்குத் தெய்வம் வந்ததாம் என்றாள் மற்றவள். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதனால் ஒரு வரி எழுதினால் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துப் பயப்படுவேன். பயப்படுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில் என்று என் கணவர் சொல்லுவார். அடுப்பை அணைத்தேனா, நகரசபைக் கடிதத்துக்குப் பதில் போட்டேனா, மகன் தொப்பி போட்டானா என்று ஒன்று முடிய ஒன்று.

நேசன் என்னுடைய ஒரே அண்ணன். விமலா மச்சாள் அவருடைய மனைவி. அதற்கு முன்பே என் மாமாவின் மகள், என் வயதுக்காரி. பிறந்த நாளிலிருந்தே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தோம். அண்ணன் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மச்சாளை அவளுடைய அக்கா இந்த நாட்டுக்கு எடுத்தாள். இப்போது எங்களிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளி இருக்கிறாள். ஒவ்வொரு மார்கழியும் திவசத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள்.

இந்தக் குறிப்பை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே தெரிய வேண்டும். அண்ணனுடைய காலில் பட்ட காயத்தைத் தைத்தவள் மச்சாள். அந்தத் தையல்தான் அவரைக் கொண்டுபோனது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சொன்னார். சொன்னது என்னிடம். மச்சாளிடம் நான் சொல்லவில்லை. சேற்று விஷம் ஏறிவிட்டதாம் என்று சொன்னேன், அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

என் மகள் மருத்துவம் படிக்கப் போன நாளிலிருந்து எனக்கு இருந்த பயம் இதுதான். ஒருநாள் எங்கள் வீட்டு மேசையிலிருந்தே அது வெளியில் வந்துவிடும். மச்சாள் அதைக் கேட்டுவிடுவாள்.

2

திதி இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை இல்லை. புல் வெட்டக் கூடாது, வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக் கூடாது, உடுப்புத் தோய்க்கும் அறை பூட்டு. நான் முதல்நாளே பூசணிக்காய், வாழைக்காய், வெற்றிலை எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். வீட்டில் மூன்று நாளாக மீன்கூட இல்லை.

காலையில் அபி வந்தாள். அவள் படிக்கும் நகரம் தூரம். தோளில் ஒரு பை, கையில் குளிர் காக்கும் பை ஒன்று.

"என்னடி அதுக்குள்ள?"

"கால்."

"என்ன கால்?"

"பண்டிக் கால் அம்மா. நாலு. இறைச்சிக்கடைக்காரன் சும்மா மாதிரித் தந்தான்."

கையிலிருந்த அகப்பையை நான் எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அடுத்த நாள் அவளுக்குப் பரீட்சை. காயம் தைத்துக் காட்டும் பரீட்சையில் ஒரு முறை தவறிவிட்டாள். இரண்டாம் முறையும் தவறினால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். தைத்துப் பழகச் செயற்கைத் தோல் விற்கிறார்கள். உள்ளங்கை அளவு துண்டு, ஆனால் விலையைக் கேட்டால் முதியோர் இல்லத்தில் நான் இரண்டு நாள் உடுப்பு மடிக்க வேண்டும். படிக்கும் இடத்தில் இருப்பதைப் பிள்ளைகள் தைத்துத் தைத்துச் சல்லடையாக்கிவிட்டார்கள். ஆகவே பன்றிக் கால். மனிதத் தோலுக்குக் கிட்டவாக இருக்குமாம், விலையும் இல்லை. அவளோடு அறை எடுத்திருக்கும் பெட்டை இறைச்சியைக் கண்ணாலும் பார்க்காதவள். என்ர குளிர்ப்பெட்டிக்குள் பிணம் வைக்காதே என்று சொல்லிவிட்டாளாம்.

"அங்க ஒரு சைவக்காரி, இங்க ஒரு சைவக்காரி," என்றார் என் கணவர். "பண்டிக்குமே விசா கிடைக்குதில்ல."

"பகிடி விடாதீங்க. இண்டைக்குத் திவசம். மச்சாள் வரப்போறா."

"பால்கனில வைக்கட்டா? பனிக்குள்ள கிடக்கும்."

"பால்கனியும் வீடுதானே!"

"வீடெண்டா ஏன் வீட்டுச் சொந்தக்காரன் அங்க ஒரு ஆணி அடிக்கக் கூடாதெண்டு கடுதாசி போட்டிருக்கான்?"

கடைசியில் பையைக் கார் டிக்கியில் வைப்பதென்று முடிவானது. அதே காரில்தான் அவர் மச்சாளைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போனார். பாவம், மச்சாள் நாலு பன்றிக் காலோடு ஒன்றாக வந்திறங்கியது அவளுக்கு இன்னும் தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

"அப்ப நான் எதில பழகிறது?" என்று அபி கேட்டாள். "பின்னேரம் ஆறு மணி ரயிலுக்கு நான் போகணும். நாளைக்குக் காலைல பரீட்சை."

"ஒருநாள் பழகாட்டி என்ன?"

"அம்மா, ஒருநாள்தான் இருக்கு."

3

ஊரில் அந்த மாதம் மாரி. எங்கள் வீடு தேற்றாத்தீவில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். அண்ணன் கலியாணம் கட்டி, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டோடு போனார். மச்சாளின் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. அவர்களுடைய வயல்வட்டை, வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, கண் எட்டும்வரை கிடக்கும்.

அது சண்டை நடந்த பிரச்சினைக் காலம். வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள். பாதை ஓடினால் ஆஸ்பத்திரி உண்டு, ஓடாவிட்டால் இல்லை. அதனால் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். கட்டுப் போடுவது, முறிந்த காலுக்குப் பலகை வைத்துக் கட்டுவது, கடைசியில் காயம் தைப்பது. தைத்துப் பழகத் தோலுக்கு எங்கே போவது? வாழைத்தண்டைப் பிளந்து தைத்தார்கள். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டித் தைத்தார்கள். மச்சாளின் கைத்தையல் முதலே பெயர் போனது. வாழைத்தண்டில் அவள் போட்ட முடிச்சுகளைக் காட்டித்தான் தாதி மற்றவர்களுக்கு ஏசுவாராம். வீட்டுக்கு வந்தும் விடமாட்டாள். வாழைப் பால் பட்டு அவளுடைய சட்டைகளெல்லாம் கறை.

அந்த மாரிக்கு வாவி பெருகி வயலும் வாவியும் ஒன்றாகிவிட்டது. அண்ணன் வரம்பை வெட்டித் தண்ணீரை விடப் போனார். இடுப்பளவு தண்ணீருக்குள் மண்வெட்டி சறுக்கிக் கெண்டைக்காலைப் பிளந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதை ஓடவில்லை. சுற்றிப் போகும் தெருவும் தண்ணீருக்குக் கீழே. நான் அப்போது அங்கேதான் நின்றேன், அண்ணனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

மச்சாள் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். மீன்பிடிக்கும் தங்கூசி நைலோனை அதற்குள் போட்டு எடுத்தாள். கழுவினாள், தைத்தாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சட்டைக்குப் போடுற மாதிரி வடிவாப் போடு விமலா, ஊரெல்லாம் காட்டணும்," என்றார். வடிவாகத்தான் போட்டாள். அயல் சனம் வந்து பார்த்து, டொக்டர்மார் தோற்றார்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

இரண்டாம் நாள் காய்ச்சல். மறுநாள் கால் வீங்கி, சதைக்குள் நூல் புதைந்துவிட்டது. பாதை ஓடத் தொடங்கி, நாங்கள் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் ஆள் மாறாட்டமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அம்மா என்றார்.

டொக்டர் இளம் ஆள். கோபக்காரர் இல்லை, களைத்துப்போயிருந்தார். "இத ஆர் மூடினது?" என்று கேட்டார். "திறந்து விட்டிருக்கணும். சேறு உள்ளுக்க, மேல பூட்டு." அவ்வளவுதான் சொன்னார். விறாந்தைக்கு வந்தேன். மச்சாள் சுவரோடு குந்தியிருந்தாள். "என்னவாம் மச்சாள்?" என்றாள். சேற்று விஷமாம் என்று என் வாயில் வந்தது.

மச்சாள் அதற்குப் பிறகு ஊசி தொட்டதில்லை. இப்போதும் அவளுடைய குளிர்ச்சட்டையில் இரண்டாம் பொத்தான் இருக்கும் இடத்தில் ஊக்குத்தான். அவள் இந்த நாட்டுக்கு வந்தபோது விசாரணையில் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். சேற்று விஷம் என்றாள். மொழிபெயர்த்தவருக்கு அது விளங்கவில்லை. விஷம் என்றால் பாம்பாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவெடுத்துச் சொல்லிவிட்டார். அவளுடைய கோப்பில் இன்றைக்கும் அண்ணன் பாம்பு கடித்துச் செத்தவர். திருத்த வேண்டாமா என்று மச்சாள் கேட்டாள். திருத்தப் போனால் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள், விடு என்றேன். எனக்கும் குடியுரிமை விசாரணையில் மூன்று ஏரியின் பெயர் கேட்டார்கள். இரண்டு சொன்னேன். மூன்றாவதாக வாவி என்ற சொல் மட்டும் வாயில் வந்து நின்றது. அந்த மேசைகளுக்கு முன்னால் இருக்கும்போது எனக்கு எந்தத் தண்ணீரும் அந்த வருடத்துத் தண்ணீராகத்தான் தெரியும்.

4

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். அபி பக்கத்தில் வந்து, நான் ஒதுக்கிய தோலை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது காணும்."

"எதுக்கு?"

"தோலுக்கு."

பாத்திரம் கழுவும் புது ஸ்பொஞ்சு ஒன்றை எடுத்தாள். அது கொழுப்பாம். என் ரப்பர் கையுறையில் ஒரு துண்டு வெட்டி அதற்குக் கீழே வைத்தாள். அது தசைக்கு மேலே இருக்கும் சவ்வாம். மேலே வாழைக்காய்த் தோல். மூன்றையும் மரக்கறி வெட்டும் பலகையில் குண்டூசியால் குத்தி, நடுவில் கத்தியால் ஒரு கீறல் போட்டாள். வளைந்த ஊசியையும் அதைப் பிடிக்கும் குறடையும் எடுத்துக்கொண்டு யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டாள். இறைச்சி இல்லை, இரத்தம் இல்லை, செலவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இது சைவ நோயாளி," என்று என் கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "திவசத்துக்கு வந்தவர்போல."

அவர் காரை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊசி, நூல், வாழை. இறைச்சியைத் தள்ளிவிட்டு நானே இதைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன்.

"அபி, அத அறைக்குள்ள கொண்டு போ."

"அறைக்குள்ள வெளிச்சம் இல்லையே."

"மாமி வாறா."

"மாமிக்கு என்ன? நான் மேசையத் துடைச்சு விடுவன்."

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லாமல் வளர்த்தோமோ, அதைக் காரணமாகச் சொல்லி அவர்களை எழுப்ப முடியாது. நான் பேசாமல் தாளித்தேன். கீழே கார் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது.

படைத்தோம். கட்டடத்தில் பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது என்று கடிதம் வந்திருந்தது. அதனால் பிடிச்சோற்றைச் சப்பாத்துப் பெட்டி மூடியில் வைத்து, பால்கனியில் சிகரெட் பிடிக்கிறவர் மாதிரி என் கணவர் நின்றார். காகம் வந்தது. இந்த ஊர்க் காகம் பெரிது, சத்தம் இல்லாமல் தின்றுவிட்டுப் போகும். மச்சாள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். அபி தன் பலகையைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தாள். அதற்கு மேலே நான் ஒரு துவாயைப் போட்டு மூடினேன்.

சாப்பிட்டு முடித்த கையோடு அவள் துவாயை எடுத்துவிட்டுத் திரும்பவும் தைக்கத் தொடங்கினாள்.

5

மச்சாள் வெற்றிலைத் தட்டோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"வாழத்தோலா மனே?"

"ஓம் மாமி. இறைச்சி கூடாதெண்டு அம்மா சொன்னா."

"நாங்க தண்டில பழகினம்."

அபி திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? எப்ப?"

"மச்சாள், பாயாசம் ஆறுது," என்றேன். "அபி, மாமிக்குக் கோப்பை எடுத்துக் குடு."

அபி எழும்பவில்லை. மச்சாள் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். தோலில் வரிசையாக நின்ற முடிச்சுகளைக் குனிந்து பார்த்தாள்.

"உனக்கு வடிவா வருதுதானே. மறுகா ஏன் பெயில் விட்டவங்க?"

அது எனக்கும் தெரியாது. கை நடுங்கியிருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். அபி சிரித்தாள். தன்னைத்தானே பகிடி பண்ணும் சிரிப்பு.

"தையல் நல்லமாம் மாமி. வகுப்பில எல்லாரிலும் நல்லமாம். ஆனா முட்டை."

"ஏன்கா?"

"அது தைக்கக் கூடாத காயம்."

நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் மிச்சம் கேட்காமல் போகட்டும் என்று ஒரு மடத்தனமான எண்ணம். அபி சத்தத்தைக் கூட்டினாள்.

"இதே மாதிரி ஸ்பொஞ்சுதான், மேல மண்ணிறம் பூசியிருந்தாங்க. பக்கத்தில ஒரு பேப்பர். கமக்காரன், மாட்டுத் தொழுவத்தில முள்ளுக் குத்தி நேத்துக் கிழிஞ்சது எண்டு. நான் வாசிச்சன். ஆனா கை ஊசிய எடுத்திட்டு. ஒரு வருசமா நாங்க தைக்கத்தான் பழகினம் மாமி. பண்டிக் கால், வாழைத்தோல், சிலிக்கன் எல்லாம் துப்புரவு. ஒண்டுக்கும் காய்ச்சல் வராது. தைக்காம விடுறதுக்குப் பழக ஒரு சாமானும் இல்ல."

"அபி, காணும். சாப்பிட்ட இடத்தில இருந்து என்ன கதை இது!"

"நில்லு மச்சாள்," என்றாள் மச்சாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தைச்சா என்ன வரும் மனே?"

"மேல பூட்டிட்டா, உள்ளுக்க இருக்கிற ஊத்தைக்கு வெளிய வர வழி இல்ல. அதில அந்த... அம்மா, அந்த மஞ்சள் தண்ணிக்குத் தமிழில என்ன?"

"தெரியாது," என்றேன்.

"சீழ்," என்றாள் மச்சாள்.

"ஓம், சீழ். அது உள்ளுக்கயே கட்டும். ரத்தத்தில போகும்."

"மறுகா?"

"மறுகா காய்ச்சல். நடுக்கம்."

"மறுகா அந்த மனுசன்?"

"எந்த மனுசன்?" அபி சிரித்துவிட்டாள். "அது ஸ்பொஞ்சு மாமி."

மச்சாள் சிரிக்கவில்லை. நான் குழாயை மூடினேன்.

"உன்ட மாமாவ நான்தான் தைச்சன்," என்றாள்.

அபி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். இவள் இப்போது மாமியைக் கட்டிப்பிடித்து அழுவாள், அப்படி இல்லை மாமி என்று ஏதாவது சொல்லி மூடிவிடுவாள், மூடிவிடட்டும் என்று நேர்ந்துகொண்டேன். அவள் அப்படிச் செய்யவில்லை. குறடைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். கதிரையை மாமியின் பக்கம் திருப்பினாள்.

"எதால வெட்டினது?"

"மம்பட்டியால. தண்ணிக்குள்ள."

"வெட்டி எவ்வளவு நேரத்தில தைச்சீங்க?"

"மத்தியானம் வெட்டினது. பொழுது சாய முதல் தைச்சிட்டன்."

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

"கிணத்துத் தண்ணி. கொதிக்க வைச்சது. ஆனா கிணறும் வெள்ளத்துக்குள்ள தாண்டுதான் கிடந்தது."

"உள்ளுக்க சேறு இருந்ததா?"

"கண்டதெல்லாம் எடுத்தன் மனே. காணாதது இருந்திருக்கும்."

அபியின் தமிழ் ஓட்டைத் தமிழ். கடைக்குப் போனால் உப்புக்கும் உவர்ப்புக்கும் தடுமாறுவாள். இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. மச்சாளும் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னாள். விசாரணை மாதிரித்தான் இருந்தது. ஆனால் இந்த முறை நடுவில் மொழிபெயர்க்க ஒருவர் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விகளை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்த மாதிரி, மணத்தைச் சொன்னாள், நிறத்தைச் சொன்னாள், தங்கூசியின் மொத்தத்தைச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் திவசத்துக்குத் திவசம் அண்ணனுடைய பகிடிகளைத்தான் கதைத்திருக்கிறோம். காலைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை.

"இப்ப சொல்லு," என்றாள் மச்சாள். "நான் தைச்சதாலயா?"

நான் மேசைப் பக்கம் ஓர் அடி வைத்தேன். மேசையில் இருந்த என் கணவர் என் கையைப் பிடித்து இருத்தினார். அவர் அன்று முழுக்கச் செய்த ஒரே பகிடியில்லாத வேலை அது.

"தைச்சிருக்கக் கூடாது மாமி," என்றாள் அபி. "கழுவித் திறந்து விட்டு, ஈரத்துணி அடைச்சு, நாலைஞ்சு நாள் பார்க்கணும். துப்புரவா இருந்தாத்தான் தைக்கணும்."

"திறந்து விட்டிருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியாது."

"பயப்படாமச் சொல்லு."

"பயமில்ல. மருந்து இல்ல, பாதை இல்ல. திறந்து விட்டிருந்தாலும் போயிருக்கலாம். இருந்தும் இருக்கலாம். தெரியுமெண்டு சொன்னா அது பொய் மாமி."

மச்சாள் தலையை ஆட்டினாள். பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீ படிச்சும் தைச்சிட்டாய்."

"ஓம்."

"உனக்கு முட்டை போட்டாங்க."

"ஓம்."

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் போடல்ல," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா மச்சாள்?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"அதுதான் ஒவ்வொரு திவசத்துக்கும் எனக்கு மட்டும் ரெண்டு வடை கூட வைக்கிறாய்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குச் சரிவந்த மாதிரிச் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கத்தரிக்கோலை எடுத்தாள். அபி போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி, நூலை உருவி எடுத்தாள். அபி தடுக்கவில்லை. வாழைக்காய்த் தோல் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது. கீறல் வாய் திறந்துகொண்டது. அபி காகிதத் துவாயை நனைத்துப் பிழிந்து, அதற்குள் மெல்ல அடைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் பாயாசத்தைத் திரும்பவும் சூடாக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

6

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருடைய உடுப்பிலும் பெயர் தைத்திருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் போடுவதுதான் என் வேலை. அன்று இரண்டு பேருடைய காலுறை மாறிப்போனது. மேற்பார்வைப் பெண் சுகமில்லையா என்று கேட்டாள். சுகம் என்றேன். இந்த நாட்டு மொழியில் எனக்குப் பிழையில்லாமல் வரும் சொல் அதுதான்.

காலையிலேயே மச்சாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. அவள் ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவள், வேலை நேரத்தில் எடுக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஹோட்டலின் மாடிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். யன்னல்கள் திறக்கும் யன்னல்களா, பூட்டிய யன்னல்களா என்று யோசித்தேன். இப்படிப்பட்டவள் நான்.

மத்தியானம் அபியிடமிருந்து செய்தி வந்தது. பாஸ். அதற்குக் கீழே, தமிழில் எழுதத் தெரியாததால், குரலில் இரண்டு வரி: "கண்ணாடி வெட்டின காயம், அப்பதான் வெட்டினது, சேறு இல்ல, தைச்சன். அம்மா, மாமியிட்டச் சொல்லுங்க."

சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பரீட்சை என்ற சொல்லோடு எல்லாம் திரும்பக் கிளம்பிவிடுமே என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, உலரும் உடுப்புகளுக்கு நடுவில் நின்றேன். அது தானாக அடித்தது. மச்சாள்.

"முடிஞ்சதாமா?"

"முடிஞ்சது. பாஸாம் மச்சாள்."

அவள் உடனே அடுத்ததைக் கேட்டாள்.

"தைச்சாளா, திறந்து விட்டாளா?"

"தைச்சாளாம்."

"என்ன காயம்?"

"கண்ணாடி வெட்டினதாம். அப்பதான் வெட்டினதாம்."

"சேறு?"

"இல்லையாம்."

அவளுடைய பக்கத்தில் தூசு உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். அவளாகத்தான் இருக்கும்.

"கேட்டவளாமா?" என்றாள். "ஊசி எடுக்க முதல், உள்ளுக்க என்ன கிடக்கெண்டு கேட்டவளாமா?"

கேட்டவளாம் என்று வாய்வரை வந்துவிட்டது. அவளுக்கு அது போதும், எனக்கும் போதும், போனை வைத்துவிட்டுக் காலுறைகளைப் பார்க்கலாம். என் மகள் கேட்டிருப்பாள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் எனக்குத் தெரியாது.

"தெரியாது மச்சாள்," என்றேன். "அவளிட்டக் கேட்டுச் சொல்லட்டா?"

"இப்பவே கேளு," என்றாள் மச்சாள். "நான் வைக்கல்ல. நிக்கிறன்."